ஹெல்சிங்கிக்கும் வடக்கே சூலம்

"மைனஸ் பதினாலாம்," என்றார் ஜம்புநாதன், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"எது?" என்றாள் சந்திரிகா, அடுப்படியிலிருந்து.

"ஹெல்சிங்கிலே. காக்கா குருவியெல்லாம் உட்கார்ந்த கிளையிலேயே விறைச்சுப் போயிடுத்தாம்."

பேப்பரில் அப்படி எதுவும் இல்லை. அன்றைக்குப் பேப்பரில் ஹெல்சிங்கி என்ற சொல்லே இல்லை. வெங்காய விலையும் சாங்வி சாக்கடைப் பிரச்சினையும்தான் இருந்தன. ஆனால் சந்திரிகா பேப்பர் படிப்பதில்லை என்ற தைரியம் ஜம்புவுக்கு உண்டு.

"காக்கா ஸ்வெட்டர் போட்டுக்காது. மனுஷா போட்டுப்பா," என்று சொல்லிவிட்டு அவள் மிக்ஸியை ஓடவிட்டாள். மிக்ஸி ஓடினால் விவாதம் முடிந்தது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

விஷயம் இதுதான். பூனாவில் ஔந்த் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் சந்திரிகா. அதே பள்ளியில் பூகோள டீச்சர் கோதை. இருபது வருஷமாகத் துருவப் பிரதேசத்தைப் பாடம் நடத்திவிட்டு, ஃப்ரிட்ஜின் மேல் தட்டைத் தவிர வேறெங்கும் பனியைப் பார்த்ததில்லையே என்று கோதைக்கு ஒருநாள் மனது விட்டுப் போயிற்று. விளைவு, தீபாவளி முடிந்த கையோடு ஜம்பு வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு வண்ணக் காகிதம் ஒட்டப்பட்டது. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி. கிறிஸ்துமஸ் லீவில் ஒரு வாரம். குளிர்காலத்தில் புத்தியுள்ளவர்கள் யாரும் அங்கே போகமாட்டார்கள் என்பதால் பாதிக் கட்டணம்.

"டிசம்பர் இருபத்தாறு. பணம் கட்டியாச்சு," என்றாள் சந்திரிகா. கட்டியது அவள் சம்பளம். ஆகவே வாயைத் திறக்க ஜம்புவுக்கு உரிமை இல்லை.

ராணுவக் கணக்கு அலுவலகத்தில் ஜம்பு செக்ஷன் ஆபீசர். மே மாதத்திலும் வெந்நீரில் குளிக்கிற உடம்பு. 2006-ஆம் வருஷம் டிசம்பர் இருபத்தாறு அன்று தென்னாப்பிரிக்காவில் ஒரு டெஸ்ட் மேட்ச் ஆரம்பமாவதாக இருந்தது. மதிய சாப்பாட்டுக்குப் பிறகு ஈசிசேர், பக்கத்தில் டிகிரி காபி, எதிரே டி.வி. என்று ஆறு மாதத்துக்கு முன்பே அவர் மனத்துக்குள் நாற்காலியைப் போட்டு வைத்துவிட்டார். அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பனியில் போடுவதா?

'எனக்கு இஷ்டமில்லை' என்று சொல்லலாம். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் இரண்டு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது தடவைக்குப் பிறகு சந்திரிகா நாலு நாள் பேசவில்லை. பேசாதது கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே இருந்தாள். அதுதான் தாங்கவில்லை.

எனவே பயணம் தானாக நிற்கவேண்டும். தான் நிறுத்தியதாக இருக்கக்கூடாது. ஜம்பு திட்டமிட்டு இறங்கினார்.

"உடம்பு தாங்குமான்னு தெரிஞ்சுக்காம அவ்வளவு தூரம் போறது புத்திசாலித்தனமா?" என்று முதல் காயை நகர்த்தினார்.

சந்திரிகா யோசித்தாள். "வாஸ்தவம்," என்றாள்.

ஜம்புவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மற்ற பாகங்களும் குளிர்ந்தன. கோதையின் தம்பி ஹடப்சரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேனேஜர். பட்டாணியும் ஐஸ்க்ரீமும் அடுக்கி வைத்திருக்கிற அறையில், நிஜ ஹெல்சிங்கியை விடக் குளிர் அதிகம் என்று பெருமையாகச் சொன்னான். கோதையும் சந்திரிகாவும் ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். குளிர் எவ்வளவு கொடுமை என்று நடுங்கிக் காட்டுவதற்காக ஜம்புவும் வெறும் முழுக்கைச் சட்டையோடு கூடவே நுழைந்தார்.

நடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. பட்டாணி மூட்டையைத் தாண்டுவதற்குள் பல் தந்தியடித்தது. வெளியே ஓடிவந்தவரைப் பார்த்து வாட்ச்மேன் பயந்துபோய்த் தன் டீயைக் கொடுத்துவிட்டான். உள்ளே போன இரண்டு டீச்சர்களும் ஹெட்மிஸ்ட்ரஸைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்த விஷயம் அவ்வளவு சீக்கிரம் முடிகிற விஷயமல்ல. கோதையின் தம்பி போய்க் கதவைத் தட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது.

"எனக்கு ஒண்ணும் ஆகலை, பாத்தேளா?" என்றாள் சந்திரிகா, கன்னம் சிவந்து, பத்து வயது குறைந்தவள் போல.

"எனக்கு?" என்றார் ஜம்பு. அதற்குள் நாலு தும்மல்.

"உங்களை யாருன்னா உள்ளே வரச்சொன்னா?"

இந்தக் கல்நெஞ்சத்தை அவர் எதிர்பார்க்கவில்லை.

ஜலதோஷம் குறைந்ததும் இரண்டாவது காய். "அங்கே சாப்பாட்டுக்கு என்ன பண்றது? காலையில மீன், மத்தியானம் மான். மான்னா நிஜமான மான். கொம்போட."

"நானும் அதைத்தான் யோசிச்சிண்டிருந்தேன்," என்று உற்சாகமானாள் சந்திரிகா. "எது எத்தனை நாள் கெடாம இருக்கும்னு முன்னாடியே பாத்துடணும்."

பார்த்தார்கள். ஜம்புவின் வயிற்றில் பார்த்தார்கள். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, வறுத்த ரவை உப்புமா, எண்ணெய் தடவிய சப்பாத்தி, புளிக்காய்ச்சல் என்று டப்பா டப்பாவாகச் செய்து அலமாரியில் வைத்தாள். தினமும் ஒன்றைத் திறந்து அவர் தட்டில் வைப்பாள். கணக்கு டீச்சர் அல்லவா, முறை தவறமாட்டாள்.

"இன்னிக்கு என்ன?"

"போன ஞாயித்துக்கிழமை சப்பாத்தி. எப்படியிருக்கு?"

"வயித்தைக் கேட்டுச் சொல்றேன்."

வயிறு விரிவாகவே பதில் சொல்லிற்று. மறுநாள் அவர் ஆபீஸ் போகவில்லை.

"அப்போ சப்பாத்தி வேண்டாம்," என்றாள் சந்திரிகா கவலையோடு. "நல்லவேளை, இங்கேயே தெரிஞ்சுது. அங்கே போய்த் தெரிஞ்சிருந்தா?"

விஞ்ஞானம் கைவிட்டது. ஜம்பு சாஸ்திரத்தைப் பிடித்தார். சமையலறையில் திருச்சி ஜவுளிக்கடைத் தினசரி காலண்டர் தொங்கியது. டிசம்பர் இருபத்தாறாம் தேதித் தாளைப் புரட்டியவர் முகம் மலர்ந்தது. செவ்வாய்க்கிழமை!

"சந்திரிகா! இருபத்தாறு செவ்வாய். வடக்கே சூலம்!"

"அதனால?"

"அதனாலயா? பின்லாந்து எங்கே இருக்கு? வடக்குன்னாலும் சாதாரண வடக்கா? அதுக்கு மேல வடக்கே கிடையாது. சூலத்துக்கு நேரா போய் நெஞ்சைக் காட்டற மாதிரி."

சந்திரிகா வந்து காலண்டரைப் பார்த்தாள். "கீழ் வரியைப் படிச்சேளா? பரிகாரம், பால். ஒரு டம்ளர் பால் குடிச்சுட்டுக் கிளம்பினா ஆச்சு."

நோயையும் மருந்தையும் ஒரே தாளில் அச்சடிக்கிற அந்த ஜவுளிக்கடைக்காரனை ஜம்பு மனத்துக்குள் வைதார்.

"பாலெல்லாம் இங்கேர்ந்து நாசிக் போறதுக்கு. கடல் தாண்டறதுக்கு ஒரு டம்ளர் பால் போறுமா?"

"அதுவும் சரிதான்," என்றாள் சந்திரிகா. அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. முதல் தடவையாக அவள் முகத்தில் பயம் தெரிந்தது. ஜம்பு வெற்றியின் வாசலில் நின்றார்.

அவள் திருச்சியிலிருந்த அண்ணா வெங்கடேஸ்வரனுக்குப் போன் போட்டாள். பேசிவிட்டு வந்தபோது முகத்தில் பயம் இல்லை.

"பரஸ்தானம் வெச்சுடுன்னு சொல்லிட்டான் அண்ணா."

கிளம்புகிற நாள் சரியில்லையென்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில் பெட்டியை மட்டும் கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவது பரஸ்தானம். அந்த நிமிஷத்திலேயே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் ஆள் எந்தச் சூலத்தில் கிளம்பினாலும் தெய்வம் கண்டுகொள்ளாது. ஒரே ஒரு நிபந்தனை. கிளம்பின பெட்டி திரும்பவும் சொந்த வீட்டு வாசற்படியை மிதிக்கக்கூடாது.

அந்த வியாழக்கிழமையே நல்ல ஹோரை பார்த்து, எதிர் ஃப்ளாட் ஆப்டே காக்குவின், அதாவது ஆப்டே மாமியின், வீட்டில் பெட்டியை வைத்தார்கள். தூக்கிக்கொண்டு போனது ஜம்பு. ரிட்டயரான நர்ஸ் ஆப்டே காக்குவுக்குப் பரஸ்தானம் என்னவென்று புரியவில்லை. இருந்தாலும் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள்.

அடுத்த நாளே பூனாவில் குளிர் இறங்கியது.

"என் பிரவுன் ஸ்வெட்டர் எங்கே?"

"பெட்டியில."

"அதை எதுக்கு இப்பவே வெச்சே?"

"ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு போட்டுக்கணும்னு கோதை சொன்னா. அங்கே அதுதான் முறையாம்."

"போய் எடுத்துண்டு வரட்டுமா? கிளம்பறவரைக்கும் போட்டுக்கறேன்."

"கிளம்பின பெட்டி திரும்பி வரக்கூடாது."

"பெட்டி வரவேண்டாம். ஸ்வெட்டர்?"

"அதுவும் கிளம்பியாச்சு."

ஹெல்சிங்கிக்குக் கிளம்பிவிட்ட தன் ஸ்வெட்டரைப் பார்க்க ஜம்பு தினமும் சாயங்காலம் எதிர் வீட்டுக்குப் போனார். பெட்டியைத் திறப்பார். ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொள்வார். சோபாவில் அரைமணி நேரம் கதகதப்பாக உட்காருவார். பிறகு கழற்றி மடித்து வைத்துவிட்டு நடுங்கிக்கொண்டே வீட்டுக்கு வருவார். முதல் நாள் ஆப்டே காக்கு கதவைத் திறந்தே வைத்திருந்தாள். இரண்டாம் நாள் "பஸா, பஸா" என்று உட்காரச் சொல்லி, ஆபரேஷனில் எடுத்த தன் பித்தப்பைக் கற்களைப் பாட்டிலோடு காட்டினாள். அதற்கடுத்த நாள் அவல் போஹா கிளறி வைத்தாள். வார முடிவில் கோத்ரூடிலிருந்து தங்கையை வரவழைத்திருந்தாள். பித்தப்பைக் கல்லைப் பார்த்த அதே ஆர்வத்தோடு தங்கை ஜம்புவைப் பார்த்தாள்.

கடைசியாக ஒரு காய் மிச்சமிருந்தது.

"வீட்டைப் பூட்டிப் போட்டுட்டா, திரும்பி வரச்சே கதவு இருக்கும், உள்ளே ஒண்ணும் இருக்காது. போன மாசம் பக்கத்துத் தெருவில சிலிண்டரையே தூக்கிண்டு போயிட்டான். வீட்டை யார் பாத்துப்பா?"

சந்திரிகா அவரை விசித்திரமாகப் பார்த்தாள். பிறகு, "சரி, புரியறது," என்றாள். "தனியா விட்டுட்டுப் போக எனக்கும் மனசு கேக்கலை. அதுக்கும் ஏற்பாடு பண்ணிடறேன். ஆனா ஒண்ணு சொல்றேன். நீங்க இன்னும் என்ன சொன்னாலும் இந்த டூர் நிக்காது. ஆமா."

ஏற்பாடு ரயிலில் வந்து இறங்கியது. சந்திரிகாவின் அண்ணா வெங்கடேஸ்வரன். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் இயற்கை வைத்தியத்தில் சேர்ந்தவர். வாசலிலேயே ஜம்புவின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"மாப்ளே, உள்ளே பூரா விஷம்."

"அது சப்பாத்தி," என்றார் ஜம்பு.

"அது காபி. இன்னியோட நிறுத்தறோம். எங்கிட்ட ஒப்படைச்சுட்டா இல்லையா சந்திரிகா, இனிமே கவலையை விடும்."

காபிப்பொடி டப்பா அன்றே வேலைக்காரிக்குப் போயிற்று. அதற்குப் பதிலாக வேப்பங்கொழுந்துக் கஷாயம் வந்தது. வெந்நீர் நரம்பைத் தளர்த்துமாம். ஜம்பு பச்சைத் தண்ணீரில் குளித்தார். டி.வி. கண்ணின் ஒளியை உறிஞ்சுமாம். கேபிள்காரனைக் கூப்பிட்டு, "ஒரு மாசத்துக்கு வேண்டாம்ப்பா," என்று வெங்கடேஸ்வரன் தமிழில் சொன்னார். அவனும் மராத்தியில் சரியென்று ஒயரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். விடிவதற்கு முன் வயிற்றில் ஈரமண் பட்டி. அதற்கு மேல் ஈரத்துணி. மொட்டைமாடியில்.

மண் பட்டியோடு மல்லாந்து படுத்து, மங்கிக்கொண்டிருந்த நட்சத்திரங்களைப் பார்த்தபோதுதான் ஜம்புவுக்கு ஹெல்சிங்கியின் மேல் முதல் பிரியம் பிறந்தது.

அன்று காலை ஃப்ரிட்ஜ் கதவின் முன் நின்று, அந்த வண்ணக் காகிதத்தை, பால் கணக்குச் சீட்டு மறைத்திருந்த மேல் வரியைத் தவிர, முதல் முறையாக முழுக்கப் படித்தார். என்ன ஊர்! என்ன ஜனங்கள்! உலகத்திலேயே ஆளுக்கு ஆள் அதிகமாகக் காபி குடிப்பது பின்லாந்துக்காரர்களாம். அது போக, வீட்டுக்கு வீடு மரத்தாலான ஒரு சூட்டறை கட்டி, ஆவி பறக்கப் பறக்க உள்ளே உட்கார்ந்திருப்பார்களாம். வெந்நீரைப் பற்றி இவ்வளவு ஆழமாகச் சிந்தித்த ஒரு தேசத்தையா இத்தனை நாள் தூற்றினோம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கிரிக்கெட் கிடையாது. இருந்தால் என்ன? இங்கே மட்டும் ஒயர் இருக்கிறதா?

ஆபீசுக்குப் போய் முதல் வேலையாக ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் சந்திரிகாவிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த கரண்டி நின்றது.

"லீவு போட்டேளா? அண்ணாவுக்காகவா?"

"அண்ணாவாலதான்," என்றார் ஜம்பு, சத்தியமாக.

சந்திரிகாவின் கண் கலங்கிவிட்டது. "ஊருக்குக் கிளம்பற நேரத்தில இப்படி மாறுவேள்னு நான் நினைக்கவேயில்லை. ரெண்டு மாசமா என்ன பாடு படுத்தினேள்!"

"அதெல்லாம் மறந்துடு. நான் மாறிட்டேன். போறதுதான் சரி. கண்டிப்பா போகணும். ஒரு வாரம் கூடப் போறாது."

"நிஜமாவா சொல்றேள்?"

"பாஸ்போர்ட், விசா எல்லாம் சரியா இருக்கோன்னோ? கடைசி நிமிஷத்தில தகராறு ஒண்ணும் வராதே?" என்றார் ஜம்பு.

"எல்லாம் டூர் ஆபீஸ்லயே இருக்கு. கோதை பாத்துண்டாச்சு."

அப்பாடா என்றிருந்தது. சந்திரிகா நீட்டுகிற தாளிலெல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் ஆகையால், தன்னுடையதும் அதில் அடக்கம் என்றே நினைத்தார். மறுநாள் கேம்ப் கடைத்தெருப் பக்கம் போய், தன் சொந்தக் காசில் ஒரு குரங்குக் குல்லா, தோல் கையுறை, அரை இஞ்ச் கனத்தில் உள்பனியன் எல்லாம் வாங்கி ஒரு தோள்பையில் அடைத்தார். சந்திரிகாவுக்குக் காட்டவில்லை. ஆச்சரியப்படட்டும்.

செவ்வாய்க்கிழமை வந்தது. பரஸ்தானத்தின் மேல் முழு நம்பிக்கை வைக்காமல் சந்திரிகா ஒரு டம்ளர் பாலையும் குடித்தாள். எதிர் வீட்டிலிருந்து பெட்டியை எடுத்து ஆட்டோவில் வைத்தாள். ஔந்தில் கோதை காத்திருப்பாள். அங்கிருந்து டூர் பஸ், நேரே பம்பாய் விமான நிலையம்.

"ஆட்டோவில பெட்டிக்கே இடம் சரியாப் போச்சு. நீங்க பின்னாடி வந்தாப் போறும். பஸ் கிளம்பறத்துக்குள்ள வந்துடுங்கோ, என்ன?"

"வராம?" என்றார் ஜம்பு.

ஆட்டோ தெருமுனையைத் திரும்பியதும் வெங்கடேஸ்வரன் தோளில் கை வைத்தார். கையில் ரப்பர் குழாயோடு ஒரு பாத்திரம்.

"இன்னிக்கு எனிமா, மாப்ளே."

"இதோ, துண்டு எடுத்துண்டு வரேன்," என்று உள்ளே போன ஜம்பு, பனியன், ஸ்வெட்டர் இல்லாத குறைக்கு இரண்டு சட்டை, மேலே கோட்டு, குரங்குக் குல்லா, கையுறை எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, தோள்பையோடு பின்பக்க மாடிப்படி வழியாக இறங்கி ஓடினார். எதிரே வந்த ஆட்டோவில் பாய்ந்து ஏறி, "ஔந்த்! ஜல்தி!" என்றார். உச்சி வெயிலில் குல்லாவும் கையுறையுமாக ஓடிவந்த ஆளைக் கண்ட ஆட்டோக்காரன், எந்த பாங்க்கை முடித்துவிட்டு வருகிறாரோ என்று பயந்து மீட்டரைக் கூடப் போடாமல் பறந்தான்.

பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தார். தூரத்தில், ஜம்பு வீட்டில் விட்டுவந்த அவருடைய ஸ்கூட்டரிலேயே வெங்கடேஸ்வரன் வந்துகொண்டிருந்தார். முன்னால் கஷாய ஃபிளாஸ்க் தொங்கியது. ரப்பர் குழாய் காற்றில் ஆடியது.

ஜம்பு பஸ்ஸுக்குள் தாவி ஏறினார். சீட்டு சீட்டாக ஆரஞ்சு நிறத் தொப்பி அணிந்த பெண்கள். புருஷன்மார்கள் எல்லாம் பின் சீட்டில் இருப்பார்கள் போலிருக்கிறது. நடுவில் கோதையும் சந்திரிகாவும். சந்திரிகா அவருடைய பிரவுன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா! என்ன இது வேஷம்?"

"உன்னை மாதிரிதான்! ரெடி! எனக்கு எந்த சீட்டு? ஜன்னலா?" என்றார் ஜம்பு, வியர்வை வழிய, ஆனந்தமாக.

பஸ் முழுக்கச் சிரித்தது. சந்திரிகாவும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

முன்னாலிருந்து டூர் மேனேஜர் ஓடிவந்தாள். பூனாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். மார்பில் 'ப்ரீதி' என்று அட்டை. கையில் மைக். அவள் முகமெல்லாம் உருகியிருந்தது.

"அங்கிள், ஆன்ட்டி போகக்கூடாதுன்னு நீங்க ரெண்டு மாசமா அவங்க கூட ஃபைட் பண்ணீங்கன்னு ஆன்ட்டி சொன்னாங்க, இப்போ நீங்களே ஃபுல் காமெடி பண்ணி டாடா சொல்ல வந்தீங்க பாருங்க, ஸோ ஸ்வீட், ஆனா இப்போ இறங்கணும் அங்கிள், இது லேடீஸ் ஸ்பெஷல் டூர், ஜென்ட்ஸ் அலவ்டே கிடையாது!"